திரையில் பார்த்த நிறம் பிரிண்டில் ஏன் மாறுகிறது?

கல்யாண ஆல்பம் ஃபோட்டோ லேபிலிருந்து வந்து சேர்கிறது. கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த மண்டபம் பிரிண்டில் மங்கிக் கிடக்கிறது. மேடையின் நீல விளக்கு ஊதாவாகியிருக்கிறது. மாப்பிள்ளை முகம் ஒரு படி கறுத்திருக்கிறது. லேபில் கேட்டால் "மானிட்டரை கேலிபிரேட் பண்ணுங்க சார்" என்கிறார்கள். ஸ்டூடியோவில் "லேப்ல கெமிக்கல் சரியில்லை" என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் "ஃபைலை சிஎம்ஒய்கே ஆக்கிக் குடுத்திருக்கணும்" என்கிறார். சிஎம்ஒய்கே என்பது அச்சகத்தின் நான்கு மைகளின் அளவாக நிறத்தைச் சொல்லும் முறை. மூன்று பேரும் பேசுவது ஒரே விஷயத்தைப் போலத் தோன்றும். உண்மையில் மூன்றும் வேறு வேறு சங்கதிகள். மூன்றாவது யோசனை பெரும்பாலும் தவறு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. திரையும் பிரிண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கவே முடியாது. ஆனால் பிரிண்ட் எப்படி வரும் என்பதை, காசு கொடுத்துப் போடுவதற்கு முன்பே திரையில் பார்த்துவிட முடியும். நிறப் பொருத்தம் என்று இந்தத் தொழிலில் சொல்வது அதைத்தான். அதற்கான முதல் திருத்தம், எல்லாவற்றிலும் அதிகப் பலன் தரும் திருத்தம், ஒரு பைசா செலவில்லாதது.

## திரை ஒளி தருகிறது, மை ஒளியைக் கழிக்கிறது

மானிட்டர் தானே ஒளிர்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கூட்டித்தான் மற்ற எல்லா நிறங்களையும் காட்டுகிறது. மூன்றும் முழு அளவில் எரிந்தால் வெள்ளை, மூன்றும் அணைந்தால் கறுப்பு, சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள்.

தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையின் ஒளி அதன்மேல் பட்டு, மையைக் கடந்து, தாளில் மோதித் திரும்பி வந்தால்தான் படம் தெரியும். மை அந்த ஒளியில் ஒரு பகுதியைக் கழித்துவிடும்: மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கும், மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) மை பச்சையை, சயான் (பச்சை கலந்த நீலம்) மை சிவப்பை. மை கூடக் கூட ஒளி குறையும். ஆகவே தாளில் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பிரகாசம், மை படாத வெறும் தாளின் வெள்ளைதான். அதைத் தாண்டிப் போக வழியில்லை.

கறுப்பிலும் இதே நிலைமை. இன்று பரவலாக உள்ள ஐபிஎஸ் வகை மானிட்டரில் வெள்ளை, கறுப்பைவிடச் சுமார் 1000 மடங்கு பிரகாசமானது. நல்ல கிளாஸி, அதாவது பளபளப்பான, தாளில் இந்த விகிதம் 150 முதல் 200 வரை. பளபளப்பில்லாத மேட் தாளில் ஏறக்குறைய 40தான். கூந்தலின் இழைகளும் கறுப்புக் கோட்டின் மடிப்புகளும் திரையில் தனித்தனியாகத் தெரிந்து, மேட் பிரிண்டில் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்வது இதனால்தான். யாரும் தப்பு செய்யாமலே நேரும் இழப்பு அது.

## எண் மட்டும் நிறம் ஆகாது

ஃபைலுக்குள் நிறம் எதுவும் இல்லை. எண்கள்தான் இருக்கின்றன. ஒரு புள்ளிக்குச் சிவப்பு 200, பச்சை 60, நீலம் 40 என்று எழுதியிருக்கும். இது "அரை லிட்டர் பாலுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை" என்கிற சமையல் குறிப்பு மாதிரி. எந்த டம்ளர்? ஒரு வீட்டு டம்ளர் 150 மில்லி, இன்னொரு வீட்டு டம்ளர் 250 மில்லி. குறிப்பு ஒன்றே, பாயசத்தின் இனிப்பு வேறு. அதேபோல "சிவப்பு 200" என்பதும் மானிட்டருக்கு மானிட்டர், பிரிண்டருக்கு பிரிண்டர் வேறு சிவப்பாக வரும்.

டம்ளரின் அளவு என்ன என்று சொல்லும் ஏற்பாட்டுக்குக் கலர் ஸ்பேஸ், அதாவது நிறவெளி, என்று பெயர். ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி இன்று இணையத்துக்கும் பெரும்பாலான லேப்களுக்கும் பொதுவான அளவு. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிடப் பெரியது. பச்சை, சயான் பக்கத்தில் கூடுதல் நிறங்களைக் கொள்ளும். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படத்தை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு ஒரு மெஷின் அச்சிட்டால், எல்லா நிறமும் சோர்ந்து, வெளுத்து வரும். பெரிய டம்ளருக்கு எழுதிய குறிப்பைச் சின்ன டம்ளரால் அளந்தால் இனிப்பு குறைவது போல.

ஒரு குறிப்பிட்ட மானிட்டரோ, பிரிண்டரும் தாளும் மையும் சேர்ந்த ஒரு ஜோடியோ எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைத் தருகிறது என்று அளந்து எழுதிய சின்ன ஃபைலுக்கு ப்ரொஃபைல் என்று பெயர். அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993இல் ஐசிசி என்ற கூட்டமைப்பைத் தொடங்கி இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தன. அதனால்தான் ஐசிசி ப்ரொஃபைல் என்கிறோம். மனிதக் கண் நிறத்தைப் பார்க்கும் விதத்தை வைத்து உருவான ஒரு பொது அளவுகோல் நடுவில் நிற்கும். மென்பொருள் முதலில் ஃபைலின் எண்ணை அந்த அளவுகோலுக்கு மாற்றும். பிறகு பிரிண்டர் ப்ரொஃபைலைப் பார்த்து, அதே நிறத்தைத் தரும் புது எண்ணைப் பிரிண்டருக்கு அனுப்பும்.

ஃபோட்டோஷாப்பில் பலர் தடுமாறும் இடமும் இதுதான். கன்வெர்ட் டு ப்ரொஃபைல் என்பது சர்க்கரையைப் புது டம்ளரால் திரும்ப அளப்பது: எண் மாறும், நிறம் மாறாது. அசைன் ப்ரொஃபைல் என்பது பழைய அளவை வைத்துக்கொண்டே டம்ளரை மட்டும் மாற்றுவது: எண் மாறாது, நிறம் மாறிவிடும். லேபுக்கு அனுப்பும் படத்துக்குத் தேவை கன்வெர்ட்.

இதுவரை பார்த்ததன் சாரம்: திரை ஒளியைக் கூட்டுகிறது, மை ஒளியைக் கழிக்கிறது. ஃபைலில் இருப்பவை எண்கள். அந்த எண்களுக்கு என்ன நிறம் என்று சொல்வது ப்ரொஃபைல்.

## முதல் காரணம் பிரைட்னஸ்

பிரிண்ட் குறித்து வரும் புகார்களில் பொதுவானது "இருட்டா வந்திருக்கு" என்பது. இதற்குப் பிரிண்டரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். 150 லக்ஸ் வெளிச்சம் உள்ள ஓர் அறையில் வெள்ளைத் தாளின் பிரகாசம் 43 நிட் அளவில்தான் இருக்கும். நல்ல வெளிச்சமான 500 லக்ஸில் அது 140 நிட்டைத் தொடும். கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்தும் மானிட்டரோ 250 முதல் 350 நிட்டில் எரியும். 300 நிட் திரையில் பார்த்து "இந்த அளவு போதும்" என்று முடித்த படத்தை 150 லக்ஸ் அறையில் கையில் எடுத்தால், திரையைவிட ஏழில் ஒரு பங்கு பிரகாசம்தான் இருக்கும். இருட்டாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? உண்மையில் நடந்தது இதுதான்: திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்ததால், எடிட் செய்தவர் படத்தை வேண்டிய அளவுக்கு வெளிச்சமாக்கவே இல்லை.

பிரிண்டுக்காக எடிட் செய்யும் மானிட்டர் 80 முதல் 120 நிட்டுக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாமலே இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தாள் வழி. பிரிண்டைப் பார்க்கப் போகும் வெளிச்சத்தில், திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஃபோட்டோ தாளைப் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். பெரும்பாலும் அந்த எண் நூறுக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கிவிடும். முதல் நாள் திரை மங்கலாகிவிட்டதாகத் தோன்றும், கண் பழகிக்கொள்ளும்.

இன்னொன்று, கேமரா வழி. ஃபோட்டோகிராஃபர்களுக்கு இதுவே வசதி. திரை முழுக்க வெள்ளையை நிரப்பி, கேமராவை மேனுவலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6, 1/30 நொடி என்று வையுங்கள். ஃபோகஸை விலக்கிவிட்டு, ஃபிரேம் முழுக்க வெள்ளை மட்டும் வரும்படி பாருங்கள். மீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை மானிட்டர் பிரைட்னஸை மாற்றுங்கள். நடுவில் நிற்கும்போது திரை தோராயமாக 120 நிட்டில் இருக்கிறது. 1/60 நொடியில் முள் நடுவில் நின்றால் திரை அதைப்போல் இரண்டு மடங்கு பிரகாசம் என்று பொருள்.

பிரைட்னஸை இறக்கிய பிறகும் படங்கள் கொஞ்சம் இருட்டாகவே வந்தால், ஃபோட்டோஷாப்பின் பின்னணியைக் கவனியுங்கள். கரிய பின்னணிக்கு நடுவில் எந்தப் படமும் பிரகாசமாகத்தான் தோன்றும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டுப் பார்த்தால் கண் ஏமாறாது. பிரிண்டைச் சுற்றியும் பெரும்பாலும் வெள்ளைதான் இருக்கப்போகிறது.

## வெள்ளையும் ஒரு நிறம்தான்

திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்கிறது என்பதை வைட் பாயின்ட் என்பார்கள். கெல்வின் அலகில் சொல்வார்கள். எண் கூடினால் நீலச் சாயல், குறைந்தால் மஞ்சள் சாயல். மானிட்டருக்குப் பொது வழக்கம் 6500 கெல்வின். பிரிண்டைப் பார்ப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3664 சொல்வது 5000 கெல்வின். 6500இல் தொடங்குங்கள். தாளைப் பக்கத்தில் பிடிக்கும்போது திரை நீலமாகத் தெரிந்தால் 6000, 5500 என்று இறக்கிப் பாருங்கள்.

விண்டோஸின் நைட் லைட், ஆப்பிளின் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், லேப்டாப்பின் தானியங்கி பிரைட்னஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மாலை ஏழு மணிக்குத் தானாக மஞ்சளாகும் திரையில் திருத்திய முகம், பிரிண்டில் நீலம் பாய்ந்து வருவது இயல்பு. மானிட்டரின் விவிட், கேமிங் மோடுகளும் கூடாது. எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். விலை குறைந்த லேப்டாப்களில் வரும் டிஎன் வகைத் திரையில் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிழல் பகுதிகள் மாறிவிடும். அதில் பிரிண்டுக்கான வேலையைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

## கேலிபிரேஷன் வேறு, ப்ரொஃபைல் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். கேலிபிரேஷன் என்பது மானிட்டரைக் குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது: பிரைட்னஸ் 100 அல்லது 120 நிட், வைட் பாயின்ட் 6500, காமா 2.2. காமா என்பது கறுப்பிலிருந்து வெள்ளை வரை இடைப்பட்ட சாம்பல்கள் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கின்றன என்பதன் அளவு. அப்படி நிறுத்திய பிறகு அந்த மானிட்டர் காட்டும் நிறங்களை அளந்து எழுதி வைப்பதுதான் ப்ரொஃபைல்.

இதைக் கண்ணால் செய்ய முடியாது. மஞ்சள் விளக்கின் கீழ் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நம் கண் அதையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் கலரிமீட்டர் என்ற சிறு கருவியைத் திரைமேல் தொங்கவிட்டு அளக்கிறார்கள். ஸ்பைடர், கேலிபிரைட் ஆகியவை அறியப்பட்ட பிராண்டுகள். மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு, நேரடி வெளிச்சம் படாமல் அளக்க வேண்டும். மாதம் ஒரு முறை திரும்பச் செய்தால் போதும். அதே மாடல் மானிட்டரின் ப்ரொஃபைலை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்வது சரியான மாற்று அல்ல. ஒரே மாடலிலும் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும்.

ஒரு நண்பரின் கருவியை ஒரு நாள் வாங்கி அளந்தாலும் பலன் உண்டு. பிறகு மானிட்டரின் பட்டன்களைத் தொடக் கூடாது. பிரைட்னஸை ஒரு புள்ளி மாற்றினாலும் அளந்து எழுதிய ப்ரொஃபைல் அந்தத் திரைக்குப் பொருந்தாமல் போய்விடும்.

## மைக்கு எட்டாத நிறங்கள்

ஒரு கருவியால் காட்ட முடிந்த நிறங்களின் மொத்த எல்லைக்கு கேமட் என்று பெயர். மேடை எல்இடியின் அடர் நீலம், கிளிப்பச்சைப் பட்டின் பளீர் பச்சை ஆகியவை திரையின் கேமட்டுக்குள் வரும். மையின் கேமட்டுக்கு வெளியே நிற்கும். நீலத்தைத் தாளில் கொண்டுவர சயானும் மெஜந்தாவும் கலந்தாக வேண்டும். அவ்வளவு தூய நீலம் அந்தக் கலவையில் கிடைக்காது. கறுத்து, ஊதாப் பக்கம் சாயும். மேடை விளக்கு ஊதாவாவதன் காரணம் இதுதான்.

திரையின் கேமட் எப்போதும் பெரியது என்று சொல்வதும் சரியல்ல. அடர் சயான், சில மஞ்சள்கள் ஆகியவற்றில் நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் சாதாரண எஸ்ஆர்ஜிபி மானிட்டரை மிஞ்சும். இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று பாதி மூடி நிற்பது போன்ற உறவு அது.

எட்டாத நிறத்தை என்ன செய்வது என்று மென்பொருளுக்குச் சொல்வது ரெண்டரிங் இன்டென்ட். ஃபோட்டோக்களுக்கு இரண்டே போதும். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், எட்டும் நிறங்களை அப்படியே விட்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுத்து வைக்கும். பெர்செப்சுவல், எல்லா நிறங்களையும் கொஞ்சம் சுருக்கி உள்ளே கொண்டுவரும். பட்டுச் சேலையின் நெசவும் மடிப்பும் எல்லையில் ஒட்டிக்கொண்டு ஒரே பச்சைத் திட்டாகிவிட்டால் பெர்செப்சுவல் காப்பாற்றும். சாதாரண முகம், இயற்கைக் காட்சிகளுக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கோடு, படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனையும் டிக் செய்தால் போதும்.

## சாஃப்ட் ப்ரூஃப்: போடும் முன் பார்ப்பது

தாளும் மையும் எப்படிக் காட்டும் என்பதைத் திரையிலேயே பாவித்துக் காட்டும் வசதி சாஃப்ட் ப்ரூஃப். லேபிடம் அவர்களுடைய தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலைக் கேளுங்கள். நல்ல லேப்கள் தருவார்கள். ஃபோட்டோஷாப்பில் வியூ, ப்ரூஃப் செட்டப், கஸ்டம் என்று போய் அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ரெண்டரிங் இன்டென்டைக் குறித்து, சிமுலேட் பேப்பர் கலரை டிக் செய்யுங்கள்.

படம் சட்டென்று வெளிறி, உயிர் போனது போலத் தெரியும். பயந்து மூடிவிட வேண்டாம். பிரிண்டின் உண்மையான வீச்சு அதுதான். படத்தை முழுத் திரைக்குக் கொண்டுவந்து, சுற்றியுள்ள மெனுக்களின் பளிச் வெள்ளையை மறைத்துவிட்டு அரை நிமிடம் பார்த்தால் கண் சமாளித்துக்கொள்ளும். பிறகு ஒரு நகலில் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்குங்கள். நீலத்தின் செறிவைக் குறைத்து, சாயலைச் சற்று சயான் பக்கம் தள்ளுங்கள். கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் ப்ரூஃப் வரும், போகும், ஒப்பிட வசதி. மூலப்படத்தைத் தொடாதீர்கள், இந்தத் திருத்தம் இந்த ஒரு தாளுக்கு மட்டுமே.

## அனுப்பும்போதும் அச்சிடும்போதும்

லேபுக்கு என்றால், வேறு சொல்லாதவரை எஸ்ஆர்ஜிபிக்கு கன்வெர்ட் செய்து, ப்ரொஃபைலை உள்ளே பதித்து, உயர்தர ஜேபெக்காக அனுப்புங்கள். ஏற்கெனவே திருத்திய படம் என்றால் "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் தன் கணக்குக்கு இன்னொரு முறை திருத்தும்.

சிஎம்ஒய்கே யோசனைக்கு இங்கே பதில். லேப்பின் ஃபோட்டோ தாள், சிவப்பு, பச்சை, நீல ஒளியால் எழுதப்படும் வெள்ளி உப்புத் தாள். அதற்கு ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல எண்கள் கொண்ட ஃபைல்தான் வேண்டும். வீட்டு இங்க்ஜெட்டில் சயான், மெஜந்தா மைகள் இருந்தாலும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் எதிர்பார்ப்பதும் ஆர்ஜிபிதான். சிவகாசியில் காலண்டரோ அழைப்பிதழோ அடிக்கும் ஆஃப்செட் அச்சகம் கேட்டால் மட்டும் சிஎம்ஒய்கே. அதிலும் எந்த சிஎம்ஒய்கே ப்ரொஃபைல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை மாற்றிவிட்டால் தொலைந்த நிறங்கள் திரும்ப வரமாட்டா.

சொந்தப் பிரிண்டரில் நடக்கும் பெரிய தவறு, நிறத்தை இரண்டு பேர் திருத்துவது. ஃபோட்டோஷாப்பும் திருத்தி, டிரைவரும் திருத்தினால் முகங்கள் சிவந்து, மெஜந்தா ஏறி, கறுத்து வரும். ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ் என்று தேர்ந்தெடுத்தால், எப்சன் டிரைவரில் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட் வைக்க வேண்டும். தாளின் வகையையும் டிரைவரில் சரியாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு மை கொட்டுவது என்பதை அது அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எப்சன் எல்805 போன்ற ஆறு மை டேங்க் பிரிண்டர்களில் வேறு கம்பெனி மையை ஊற்றினால், கூட வந்த ப்ரொஃபைல் பொருந்தாது. அந்த மைக்கும் அந்தத் தாளுக்கும் புதிதாக ப்ரொஃபைல் செய்ய வேண்டும்.

சுருக்கமாக: பிரைட்னஸை இறக்கு, திரையை அளந்து நிறுத்து, சாஃப்ட் ப்ரூஃபில் பார்த்துத் திருத்து, நிறத்தை ஒருவர் மட்டும் கையாளும்படி பார்த்துக்கொள்.

## எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம்?

ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிரிண்டுக்கும் அதே விதி. எல்லா எல்இடி விளக்கும் எல்லா நிறத்தையும் சரியாகக் காட்டாது. விலை குறைந்தவற்றில் சிவப்பு சோர்ந்துவிடும். நிறம் காட்டும் திறனான சிஆர்ஐ 90க்கு மேல், 5000 கெல்வின் என்று அட்டையில் போட்ட விளக்கை வாங்கினால் பிரிண்ட் பார்க்கும் மேஜைக்கு அது போதும். ஐஎஸ்ஓ 3664 நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸும், வழக்கமான மதிப்பீட்டுக்கு 500 லக்ஸும் சொல்கிறது.

பல ஃபோட்டோ தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். அதனால் ஜன்னலோரத்தில் பளீர் வெள்ளையாக இருக்கும் தாள், இரவில் எல்இடியின் கீழ் மங்கல் வெள்ளையாகத் தெரியும். இங்க்ஜெட் பிரிண்டை வெளியே வந்தவுடன் மதிப்பிடவும் கூடாது. மை காய்ந்து நிறம் நிலைபெறச் சில மணி நேரம் கொடுங்கள்.

## குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க

முகம், நடுச்சாம்பல், கறுப்பிலிருந்து வெள்ளை வரையான படிகள் ஆகியவை உள்ள ஒரு சோதனைப் படத்தை 4×6 அளவில், எந்தத் திருத்தமும் செய்யாமல் அச்சிடுங்கள். சொந்தப் பிரிண்டர் என்றால் அதற்கு முன், மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் போடுங்கள். மெஜந்தா அடைத்திருந்தால் படம் பச்சையாகவும், மஞ்சள் அடைத்திருந்தால் நீலமாகவும் வரும். அந்த நிலையில் எந்த ப்ரொஃபைலும் உதவாது.

மூன்று எண்களும் 128 ஆக உள்ள சாம்பல் கட்டத்தைப் பாருங்கள். பிரிண்டில் அதில் ஒரு நிறச் சாயல் ஏறியிருந்தால் சிக்கல் பிரிண்டர், மை, ப்ரொஃபைல் பக்கம். பிரிண்டில் அது சுத்தமான சாம்பலாக இருந்து, திரையில் நீலமாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் சிக்கல் மானிட்டர் பக்கம். சோதனைப் படம் சரியான வெளிச்சத்தோடு வந்து, உங்கள் படங்கள் மட்டும் இருட்டாக வந்தால் பிரைட்னஸ் கணக்குக்குத் திரும்புங்கள். பிரிண்டர் செட்டிங்கில் கை வைக்க வேண்டாம். தாளையோ மையையோ லேபையோ மாற்றும்போது இதே ஃபைலை மறுபடியும் போட்டு, பழைய பிரிண்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்காகப் பழைய பிரிண்டை வெயில் படாத உறையில் போட்டு, பின்பக்கத்தில் தேதியும் தாளின் பெயரும் எழுதி வையுங்கள்.